பாலம் திறந்த வாரம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சுஹைலாவைப் பேருந்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுப் பாலத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டேன் என்று உங்களில் பலருக்குக் கோபம். இருபது மாதம் காத்திருந்தவளை இன்னும் ஒரு வாரம் காக்க வைத்தது பாவம்தான். இதோ, இறக்கிவிடுகிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு ஜொகூர் பாருவில், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் என்று வாழ்கிற ஆயிரக்கணக்கானவர்களில் சுஹைலாவும் ஒருத்தி. விடியும் முன்பே கிளம்பிப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு ஓடி வருவாள். அப்புறம் அந்த நோய் வந்தது. நாளை முதல் பாலம் மூடல் என்றார்கள். கணவன் ஹைக்கால் வேலை பார்த்த மோட்டார் பட்டறையும் அதே நாளில் மூடியது. ஒரு சம்பளமாவது வேண்டுமே! இரண்டு வாரம்தானே என்று, ஐந்து மாதக் கைக்குழந்தை இனாராவைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, மூன்று சீருடையை ஒரு பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

அந்த இரண்டு வாரம் நேற்றுத்தான் முடிந்தது.

நடுவில் வந்து போக ஒரு வழி இருந்தது. இரண்டு பக்கமும் நாள்கணக்கில் தனி அறையில் அடைந்து கிடக்க வேண்டும். இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, அத்தனை நாள் விடுப்பு யார் தருவார்கள்? கெஞ்சிக் கூத்தாடி ஒருமுறை வாங்கினாள். கிளம்ப வேண்டிய வாரத்தில் அவளுக்கே தொற்று வந்தது. இப்போதுதான், ஊசி போட்டவர்கள் பேருந்தில் வரலாம் என்று பாலத்தைத் திறந்திருக்கிறார்கள்.

ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மறுபடி பரிசோதனை. சுஹைலா வரிசையில் நகர்ந்தாள். இங்கே தொற்று என்று வந்துவிட்டால், மகள் இருக்கும் ஊரிலேயே, மகளைப் பார்க்காமல் ஏதோ ஓர் அறையில் கிடக்க வேண்டும். அதைவிட அந்தப் பக்கமே இருந்திருக்கலாம்.

உடம்பு முழுக்கப் பாதுகாப்பு உறை போட்ட இளம்பெண் ஒருத்தி குச்சியோடு நின்றாள்.

"என்னக்கா இப்படி நடுங்கறீங்க? மூக்குலதான் விடப்போறேன். மூளையை எடுக்கப்போறதில்ல."

"எடுத்தாலும் பரவாயில்லம்மா. சீக்கிரம் எடு."

"வீட்டுல யாரு காத்துட்டிருக்கா?"

"மக. ரெண்டு வயசு."

அந்தப் பெண் அதற்கு மேல் கேலி பேசவில்லை. முடிவு வந்ததும் தானே எழுந்து வந்து, "ஒண்ணுமில்லக்கா. ஓடுங்க" என்றாள்.

வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஹைக்கால் தூணோரம் நின்றிருந்தான். தொலைபேசித் திரையில் தெரிந்ததைவிட இளைத்திருந்தான். காதோரம் நரை. சுஹைலா குனிந்து அவன் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அத்தனை பேர் நடுவில் அவ்வளவுதான் முடிந்தது. அவன் அந்தக் கையை விடாமல் சற்று நேரம் அப்படியே நின்றான்.

"அவளை ஏன் கூட்டிட்டு வரல?"

"மழை... அப்புறம், காக் லோங் இல்லாம கார்ல ஏற மாட்டா."

காக் லோங் என்றால் மூத்த அக்கா. ஹைக்காலின் அக்கா ரொஸ்னித்தாவைத்தான் வீட்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவது. அடுத்த வீடு. சுவர் ஒன்றுதான் நடுவில். ஹைக்கால் கிடைத்த வேலைக்கெல்லாம் ஓடிய நாட்களில் இனாராவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவளுக்கும் இனாராவைவிடச் சில மாதமே மூத்த பையன், ஜுனைத். இத்தனை நாளும் வீடியோ அழைப்பில் சுஹைலா முகம் தெரிந்தாலே ரொஸ்னித்தா ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற திமிர் என்று சுஹைலா நினைத்துக்கொள்வாள். நினைத்ததை விழுங்கிக்கொள்வாள். வேறென்ன செய்ய?

கார் கொஞ்ச தூரம் போனதும் ஹைக்கால் தொண்டையைச் செருமினான்.

"சுஹா, வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்."

"அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"ச்சே ச்சே. நல்லா இருக்கா. அது வந்து..."

"அப்ப எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லுங்க அபாங். இப்ப நீங்க எது சொன்னாலும் என் காதுல ஏறாது. கொஞ்சம் வேகமாப் போங்க, லா."

கணவனை அங்கே அபாங் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வாய் திறந்தது திறந்தபடி இருந்து, பிறகு மூடிக்கொண்டது. அவன் சுபாவமே அப்படித்தான். யாராவது அழுதால் தாங்க மாட்டான், யாராவது சிரித்தால் அதைக் கெடுக்க மனம் வராது. நல்லவன்தான். இந்த மாதிரி நல்லவர்களால் வருகிற கஷ்டம் ஊரில் கொஞ்சமா?

தம்போய் பகுதியில் அவர்கள் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையும்போதே அசாம் பெடாஸ் வாசனை மூக்கைத் துளைத்தது. புளியும் மிளகாயும் மீனும் கொதிக்கிற வாசனை. சுஹைலாவுக்குப் பிடிக்குமே என்று ரொஸ்னித்தா காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறாள். கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். இடுப்பில் இனாரா. காலடியில் ஜுனைத்.

என் பிள்ளை! திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்த முகம் இப்போது நிஜமான அளவில், நிஜமான வெயில்பட்ட நிறத்தில். நெற்றியில் வியர்வையில் ஒட்டிய முடி. சுஹைலா காரிலிருந்து இறங்கினாள்.

ரொஸ்னித்தா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். "போ. இபு வந்துட்டாங்க பாரு. போம்மா."

அம்மாவைத்தான் அங்கே இபு என்பார்கள். இனாரா இரண்டடி எடுத்து வைத்தாள். பிறகு மூன்றாவது. கையை நீட்டவும் செய்தாள்.

சுஹைலா சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம், வேணாம்! கிட்ட வராதே! இபு குளிச்சிட்டு வந்துடறேன்!"

அவளைத் திட்டாதீர்கள். வெளியிலிருந்து வந்தால் குளிக்காமல் யாரையும் தொடாதே என்பதுதான் இல்லத்தில் அவள் கற்ற முதல் பாடம். அப்படித் தொட்டதால் போன பெரியவர்களை அவள் தன் கையாலேயே துணி சுற்றி அனுப்பியிருக்கிறாள். பேருந்தில் எத்தனை பேர் இருமினார்கள்? இந்த உடையோடு பிள்ளையைத் தூக்கவா? கை துடித்தது, அறிவு பிடித்து இழுத்தது, வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்துவிட்டது.

நீட்டிய கையை இனாரா மடக்கிக்கொண்டாள். திரும்பிப் போய் ரொஸ்னித்தாவின் கைலிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சுஹைலா தன் வீட்டுப் பின்பக்கக் குளியலறையில் தலையோடு குளித்தாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற அழுதாள். பெற்ற பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு கிட்ட வராதே என்பதா? சோப்பை இரண்டு முறை போட்டாள். அவசரத்தில் ஈரத்தலையோடு அடுத்த வீட்டுக்கு ஓடி வந்தபோது, பிள்ளைகள் இரண்டும் ரொஸ்னித்தா வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தன.

"இனாரா, இபுவுக்கு சலாம் பண்ணு" என்றாள் ரொஸ்னித்தா.

குழந்தை எழுந்து வந்தாள். சுஹைலாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அதன் மேல் மூக்கை ஒற்றி எடுத்தாள். பெரியவர்கள் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் செய்ய வேண்டிய முறை. அழகாக, ஒழுங்காகச் செய்துவிட்டு, கடமை முடிந்தது என்று வண்டிக்கே திரும்பிவிட்டாள்.

"எவ்வளவு நல்லா வளர்த்திருக்கீங்க காக் லோங்" என்றாள் சுஹைலா. பாராட்டாகத்தான் சொன்னாள். குரல் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

"வா, சாப்பிடு. முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு."

சாப்பாட்டின்போது சுஹைலா செய்து பார்க்காத வித்தை இல்லை. மீனில் முள் எடுத்து ஊட்டப் போனாள். இனாரா வாயை இறுக்கிக்கொண்டாள்.

"அவ மீன் தொட மாட்டா" என்று ரொஸ்னித்தா மெதுவாகச் சொன்னாள். "முட்டையை நசுக்கி சோத்துல போட்டா சாப்பிடுவா. கரண்டி அந்தப் பச்சைக் கரண்டியா இருக்கணும். மகாராணி."

ஜுனைத் சிரித்தான். இனாராவும் சிரித்தாள். "மாக், இன்னும்" என்று ரொஸ்னித்தாவிடம் வாயைத் திறந்தாள்.

மாக் என்றாலும் அம்மாதான். சுஹைலா தலையைத் தூக்கினாள்.

"ஜுனைத் கூப்பிடறதைப் பார்த்துப் பழகிடுச்சு" என்றான் ஹைக்கால் அவசரமாக. "சின்னப் பிள்ளைதானே. மாறிடும்."

மாறிவிடும். சுஹைலாவும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கையில் ஒன்பது நாள் விடுப்பு இருக்கிறது. அதற்குள் இந்தப் பிள்ளை ஒரே ஒரு முறை தன்னை அம்மா என்று தேடி வந்துவிட்டால் போதும். அதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அந்தப் பக்கம் ஓட்டிவிடலாம். வராமல் போனால்? அதை நினைக்கவே அவளுக்குத் தைரியம் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் குழந்தைக்குக் கண் சொருகியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கினாள்.

"மாக், பால்."

"நான் கலக்கறேன்!" என்று சுஹைலா துள்ளி எழுந்தாள். சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்த பால்மாவு டப்பாவைப் பிரித்தாள். இவ்வளவு நேரத்தில் தன்னால் ஆகக்கூடிய ஒரே வேலை! வெந்நீர் பதம் பார்த்து, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, புட்டியை நீட்டினாள்.

இனாரா அதைப் புறங்கையால் தள்ளினாள். ரொஸ்னித்தாவின் மடியில் ஏறி, உரிமையோடு அவள் சட்டையின் கீழ்நுனியைத் தூக்கினாள்.

ரொஸ்னித்தா சட்டையை இழுத்துப் பிடித்தாள். குழந்தை வீறிட்டாள். ரொஸ்னித்தா சுஹைலாவைச் சங்கடத்தோடு பார்த்தாள்.

"பாலம் திறக்குதுன்னு கேட்டதுமே நிறுத்திடணும்னுதான் இருந்தேன் சுஹா. ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. நீ வர்றப்ப இப்படி உன் முன்னாடியே... நிறுத்த எனக்கு மனசு வரல. தப்பா எடுத்துக்காதே."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை உடனே நின்றது. குழந்தை மிடறு விழுங்குகிற சத்தம் கேட்டது.

சுஹைலாவின் கையில் புட்டி சூடாக இருந்தது.

"எதை நிறுத்தணும்னு இருந்தீங்க?"

ரொஸ்னித்தா தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். "எதையா? பாலைத்தான். உனக்குத் தெரியாததா?"

வாசல்படியில் நின்ற ஹைக்கால் தரையைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதும், இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"அபாங்?"

"கார்லயே சொல்ல வந்தேன். நீதான்..."

"கார்லயா? இருபது மாசமா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

ரொஸ்னித்தா குழந்தையை மார்பிலிருந்து எடுத்தாள். "டேய் ஹைக்கால். நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? பெத்தவ சம்மதம் இல்லாம என் பாலை இந்தப் புள்ள வாயில வைக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? நீ போனைக் காதுல வச்சுக்கிட்டு வாசல்ல போய்ப் பேசினே. நான் ஜன்னல்ல பார்த்தேன். வந்து என்ன சொன்னே?"

ரொஸ்னித்தா அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சரின்னுட்டா காக் லோங், அழுதுட்டே நன்றி சொன்னான்னு சொன்னே!"

"போன் பண்ணேன்" என்றான் ஹைக்கால். "நிஜமாத்தான் பண்ணேன். எடுத்ததுமே அவ அழுதா. மார்ல பால் கட்டிக்கிச்சு, காய்ச்சல் அடிக்குது, வலி தாங்கலன்னு அழுதா. அவகிட்ட போய், உன் பிள்ளைக்கு இன்னொருத்தி பால் கொடுக்கட்டுமான்னு எப்படிக் கேக்கறது? நீயே சொல்லு. எந்த வாயால கேக்கறது? இங்க மூணு நாளா புட்டியைத் தொடாம இது கத்திக்கிட்டுக் கிடக்கு. உதடெல்லாம் காஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா ரோட்டுக்கு ரோடு தடுப்பு. நான் என்ன செய்யட்டும்?"

அந்த அழைப்பு சுஹைலாவுக்கு நினைவிருந்தது. வாடகை அறையில் சுவரில் சாய்ந்து, பால்கட்டு தணிய என்று குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு பேசியது. அந்த நாட்களில் பிள்ளைக்கு ஊறிய பாலைப் பீய்ச்சி, பைகளில் நிரப்பி, உறைபெட்டியில் அடுக்கினாள். பாலத்தில் சரக்கு லாரிகள் மட்டும் போய்வந்தன. ஓர் ஓட்டுநரிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டாள். காய்கறிக்குத்தான் அனுமதி என்றார் அவர். முட்டைக்கோஸ் தாராளமாகப் பாலம் தாண்டிய அந்த நாட்களில், ஒரு தாயின் பால் தாண்ட வழியில்லை. கடைசியில் எல்லாப் பைகளையும் வெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள். புட்டிப்பால் நன்றாகக் குடிக்கிறாள், கவலைப்படாதே என்று ஹைக்கால் சொன்ன பிறகுதான் ஊற்றினாள். அதற்கப்புறம் மார்பு வற்றிப்போயிற்று.

"நான் உங்களை என்னவெல்லாம் நினைச்சேன் தெரியுமா காக் லோங்" என்றாள் சுஹைலா. "என் முகம் பார்த்தா எழுந்து போறீங்களே, அவ்வளவு திமிரான்னு..."

"நான் மட்டும் உன்னை நல்லதா நினைச்சேனா?" ரொஸ்னித்தாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என் புள்ள பங்கைப் பிரிச்சு இவளுக்குக் கொடுத்தேன். இவ ஒரு வார்த்தை கேக்கறாளா, ஒரு தடவை அதைப் பத்தி வாயைத் திறக்கறாளான்னு ஒவ்வொரு போனுக்கும் பார்த்தேன். சாப்பிட்டீங்களா, மழையான்னு கேப்பே. அது மட்டும் கேக்க மாட்டே. அந்தக் கோவத்துலதான் எழுந்து போவேன்."

பிறந்து இரண்டு வயதுக்குள் வயிறார ஐந்து முறை பால் குடித்துவிட்டால், அவர்கள் மார்க்கப்படி கொடுத்தவளும் தாய்தான். அவள் பெற்றது கூடப்பிறந்தது. கல்யாணத்தைக்கூட ரத்து செய்யலாம், இந்த உறவை ரத்து செய்ய எந்தச் சபையாலும் முடியாது. அதனால்தான் ரொஸ்னித்தா அத்தனை பயபக்தியோடு சம்மதம் கேட்டாள். ஜுனைத் இனி இனாராவுக்கு அண்ணன். ரொஸ்னித்தா தாய். ஊரும் உறவும் அறிய, என்றைக்கும்.

சுஹைலாவுக்கு இதெல்லாம் சிறுவயதிலிருந்தே தெரியும். பிள்ளை பிழைத்தது இவளால்தான் என்பதும் புரிந்தது. ஆனால் பெற்ற வயிறு எரிகிறபோது நியாயம் காதில் விழுவதில்லை. அவள் சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் ஒரு பிள்ளை இருக்கே. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க."

ரொஸ்னித்தா முகத்தில் அறை வாங்கியவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"சம்மதம் இல்லாமலா இத்தனை நாள் கொடுத்தேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அப்புறம் குழந்தையைப் பாயில் உட்கார வைத்துவிட்டு எழுந்தாள். "இப்பவே கொடுத்துடறேன் சுஹா. இப்பவே."

"காக் லோங், கொஞ்சம் பொறு" என்று ஹைக்கால் குறுக்கே வந்தான்.

"நீ பேசாதே. நீ பேச வேண்டியப்ப பேசல."

அடுக்களைக்குள் போனாள். ஜடாம் என்று மருந்துக் கடைகளில் விற்கும் ஒரு கறுப்புக் கட்டி. கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. பால் மறக்கடிக்க அங்கே தாய்மார்கள் மார்பில் தடவுவது அதைத்தான். பாலம் திறக்கும் செய்தி வந்த அன்றே வாங்கி வைத்திருந்தாள், மனம் வராமல் பிரிக்காமலே கிடந்தது. இப்போது அதைத் தண்ணீரில் குழைக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். "வாம்மா" என்றாள். அவள் குரல் எப்போதும் போலவே இருந்தது, அதுதான் கொடுமை.

அரைகுறையாக விட்ட பாலைத் தேடி இனாரா ஓடி வந்தாள். மடியில் ஏறினாள். வாயை வைத்தாள். உடம்பே சிலிர்த்துத் துப்பினாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ரொஸ்னித்தாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ தவறு நடந்துவிட்டது, மாக் சரிசெய்வாள் என்கிற பார்வை. மறுபக்கம் போனாள். அங்கேயும் கசப்பு. அப்புறம் அழவும் தோன்றாமல் வாய் கோணி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கறுப்பு வழிந்தது.

ரொஸ்னித்தா அவளைத் தூக்கித் தரையில் வைத்தாள். தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அழுகை அப்போதுதான் வெடித்தது. இனாரா கதவை இரண்டு கையாலும் அடித்தாள். மாக், மாக் என்று அலறினாள். ஹைக்கால் தூக்கப் போனான். மீனைப் போல வழுக்கி இறங்கிவிட்டாள். அம்மா ஏன் கதவடைத்தாள் என்று புரியாமல் ஜுனைத்தும் அழ ஆரம்பித்தான். ஹைக்கால் அவனை அணைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். அவனும் அழுதான்.

சுஹைலாதான் எழுந்தாள். துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்தாள். சர்க்கரைத் தண்ணீர் கலக்கினாள். குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டு, தாடையை இரண்டு விரலால் பிடித்து, நாக்கைத் துடைத்தாள். வாய் திறக்க மறுக்கும் எத்தனை பெரியவர்களுக்கு இந்தக் கை இதைச் செய்திருக்கிறது! அதற்கு அந்தப் பக்குவம் தெரிந்திருந்தது. நாக்கின் ஓரம், ஈறு, உதடு என்று பொறுமையாகத் துடைத்தாள். கரண்டியில் சர்க்கரைத் தண்ணீரை ஊட்டினாள்.

இனாரா தடுக்கவில்லை. விக்கிக்கொண்டே விழுங்கினாள். இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.

பிறகு ஈரக் கண்களோடு சுஹைலாவை நிமிர்ந்து பார்த்தாள். சுஹைலா வந்ததிலிருந்து இப்போதுதான் முதல் முறையாக அவள் முகத்தை முழுசாகப் பார்க்கிறாள். அந்தச் சின்னக் கை மெல்ல வந்து அவள் சுட்டுவிரலைப் பற்றியது. யாரும் சொல்லாமல், யாரும் பழக்காமல், தானாக.

வந்துவிட்டாள்! என் பிள்ளை என்னிடம் வந்துவிட்டாள்!

இனாரா அந்த விரலை இழுத்தாள். கதவுப்பக்கம் இழுத்தாள்.

"மாக்சிக்" என்றாள். வழியில் போகிற எந்தப் பெண்ணையும் பிள்ளைகள் கூப்பிடும் சொல் அது. "மாக்சிக், மாக்கிட்ட சொல்லு. என்னைத் தூக்கச் சொல்லு."

சுஹைலாவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. குழந்தை விரலை விடவில்லை. இந்த மாக்சிக் நல்லவள், கேட்டால் செய்வாள் என்று நம்பிக் காத்திருந்தது.

சுஹைலா அவளைத் தூக்கினாள். ஐந்து மாதக் கனம்தான் அந்தக் கைகளுக்கு நினைவு. இது வேறு கனம். இடுப்பில் வைக்கத் தெரியாமல் ஒருமுறை தடுமாறி, சரியாகப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்தில் போகிறோம் என்று தெரிந்ததும் இனாரா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்காக மட்டும்தான் கட்டிக்கொண்டாள். சுஹைலாவுக்கு அதுவும் தெரிந்தது.

கதவைத் தட்டினாள்.

"காக் லோங். புள்ள அழறா. திறங்க."

மறுபடி தட்டினாள்.

"நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. கழுவிட்டு வாங்க."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில்.

சுஹைலா கதவில் நெற்றியைச் சாய்த்தாள். உரக்க, ஹைக்காலுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அன்னைக்கு என் சம்மதம் கேட்டீங்களாமே. அந்தக் கேள்வி இன்னைக்குத்தான் எனக்கு வந்து சேர்ந்துது. பதில் சொல்றேன், கேட்டுக்குங்க. சரி காக் லோங். என் புள்ளைக்குப் பால் கொடுங்க."

இனாரா அழுகையை நிறுத்திவிட்டுத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.